பெட்டி மட்டும் வந்தது

கடல் அளவை அலுவலகத்தில் அதிகாரி நீட்டிய லட்டை ஜெசிந்தா வாங்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் ராயப்பனை, எல்லை தாண்டினான் என்று பக்கத்து நாட்டுக் காவல் படகு பிடித்துக்கொண்டு போனது. அவன் படகிலிருந்த குவாண்டம் இடங்காட்டி அவன் எல்லைக்குள்தான் இருந்தான் என்றது. காவல் படகின் கருவியோ அவன் தாண்டிவிட்டான் என்றது.

"உலக விஞ்ஞானிங்க ரெண்டு கருவியையும் ஒரே ஆய்வுக்கூடத்துல வச்சுப் பாத்துட்டாங்கம்மா. ரெண்டுமே சரிதான், அளவுமுறைதான் வேற வேற. இனிமே எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுமுறை." பஞ்சு சுற்றிய பெட்டியை மேசைமேல் வைத்தார். "உங்க கருவியை விமானத்துல பத்திரமா அனுப்பிட்டாங்க."

"அவரு எப்ப சார் வருவாரு?"

"ஒப்பந்தம் இனிமே பிடிக்கிற படகுக்குத்தாம்மா. பழைய கேஸுக்குச் செல்லாது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சண்டை போட்டுக்கிட்டது ரெண்டு பெட்டியும்தான சார்? பெட்டிக்கு விமானம், பஞ்சு மெத்தை, சுத்தி உக்காந்து பாக்க அத்தனை நாட்டு விஞ்ஞானிங்க. எம் புருஷனுக்குச் சிமெண்டுத் தரை." பெட்டியை அவர் பக்கமாகத் தள்ளினாள். "இதைக் கொண்டுபோய் அந்த ஜெயில்ல வைங்க. அவரை அனுப்பச் சொல்லுங்க."