பல்லில் கடித்த நூல்

அலெக்சாந்திரியாவின் மதிய வெயில் சலூன் கண்ணாடியில் பட்டு எங்கள் இரண்டு நாற்காலிகளின் மேலும் சிதறுகிறது. வாடிக்கையாளர் ஷவ்கிக்குச் சவரம் முடித்து, கன்னத்துப் பூனைமுடி எடுக்க நூலின் நுனியை நான் பல்லில் கடித்ததும் அவர் எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போகிறார். "நூல் மட்டும் ரவூப் போடட்டும், உஸ்தா," என்று மாஸ்டரான என்னிடம் சொல்கிறார். ரவூப் போன மாதம் வேலைக்கு வந்த பயல். நூலைக் கடித்துக்கொண்டு முகத்தோடு முகமாகக் குனிகிறான். ஷவ்கி சொகுசாகக் கண்ணை மூடிக்கொள்கிறார். என்னிடம் மட்டும் ஏனோ மூச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். எனக்கு வயிறு எரிகிறது. "அப்படி என்ன இருக்கு அவன் கையில?" கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்: "கையில ஒண்ணுமில்ல. உன் வாய்தான் நாறுது. பல்வலிக்குக் கிராம்பை அடக்கி வெச்சா ஆச்சா? பல் டாக்டர்கிட்ட போ. நாக்கை வழி." கண்ணாடி முன் வாயைப் பிளக்கிறேன். நாக்கில் வெள்ளையாக மாவு படிந்திருக்கிறது. கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி, அதற்குள் நேற்றைய இறைச்சி நார். "டேய் ரவூப், நாள் பூரா பக்கத்துலயே நிக்கிறியே, உனக்குத் தெரியாதா?" கண்ணாடிக்குள் அவன் கண்கள் என்னைப் பார்க்கின்றன. வாயில் நூல் இருக்கிறது, பேச முடியாதாம். ஷவ்கியின் கன்னம் எப்போதோ வழவழப்பாகிவிட்டது. அவன் இன்னும் நூலை விடவில்லை.