வெல்க்ரோ மாப்பிள்ளை

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கப் பலகையைத் தடவினார். முகத்தில் அப்படியொரு பரவசம்.

“பாருங்க அத்தை, வெல்க்ரோ வச்ச உப்புத்தாள் டிஸ்க்ல தேய்ச்சது. கண்ணாடி மாதிரி வழுக்குது.”

அத்தை என்றால் மாமியார். அந்த மரச்சாமான் பட்டறையின் முதலாளியும் அவர்தான். மாப்பிள்ளை மேனேஜராகி ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் மரம் தேய்க்கும் மெஷினைப் பற்றிப் பதினெட்டு வீடியோ பார்த்துக் கரைத்துக் குடித்துவிட்டார்.

வலப்பக்கப் பலகையில் விரல் பட்டதும் முகம் சுளித்தார். “இது ஸ்டிக்கர் டிஸ்க். பின்னாடி பசை தடவின பழைய ரகம். சொரசொரன்னு இருக்கு.”

மாமியாரும் தடவினார். “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.”

“அது பழகின கைக்குத்தான் தெரியும் அத்தை. ஸ்டிக்கரைப் பிச்சுப் பிச்சு ஒட்டறதுலயே பாதி நாள் போயிடுது. வெல்க்ரோன்னா வச்சா பிடிச்சுக்கும், இழுத்தா வந்துடும். ரெண்டு பேர் வேலைய ஒருத்தரே பாத்துடலாம். ஒரு ஆளைக் குறைச்சிடலாம்.”

குறையப்போகிற ஆள் யார் என்று கேட்கத் தேவையில்லை. வலப்பக்கப் பலகையைத் தேய்த்த மெஷின்காரர், துடைத்த மெஷினையே மறுபடி துடைத்தார். இருபது வருடமாக அதனோடு மல்லுக்கட்டியவர், பாவம்.

இடப்பக்கப் பலகையைத் தேய்த்தவரைப் பட்டறையே அக்கா என்றுதான் கூப்பிடும். அவருக்கு வேலை உறுதி. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“சார், மெஷினுக்கு அடியில பேட்...” என்று இழுத்தார் அக்கா.

“காலையிலயும் இதையேதான் ஆரம்பிச்சீங்க. சொன்னதைச் செய்ங்க, எனக்குப் பாடம் எடுக்காதீங்க.” மாப்பிள்ளை டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸைப் பெட்டிமேல் வைத்தார். அவர் வாங்கிவந்த வெல்க்ரோ டிஸ்க் பெட்டிதான் காலையிலிருந்து அவருக்கு டீ மேசை.

“நீ சொல்லும்மா” என்றார் மாமியார்.

அக்கா, குனிந்து துடைத்துக்கொண்டிருந்த மெஷின்காரரை ஒருமுறை பார்த்தார்.

“ரெண்டு பலகையும் ஸ்டிக்கர்லதாம்மா தேய்ச்சோம். நம்ம மெஷின்ல டிஸ்க்கை ஒட்டற பேட் வழவழன்னு இருக்கும், அதுல வெல்க்ரோ நிக்காது. அதுக்கு வேற பேட் வாங்கி மாட்டணும். சார் டிஸ்க் மட்டும் வாங்கிட்டு வந்துட்டாரு.”

மாமியார் டீ கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். பெட்டியைச் சுற்றிய டேப் கொஞ்சமும் கிழியவில்லை. அதன்மேல் மூன்று டீ வட்டங்கள்.

கிளாஸை மாப்பிள்ளையின் பழகின கையில் கொடுத்தார்.

“குடிச்சிட்டுக் கிளம்புங்க மாப்பிள்ளை.”

“எங்க அத்தை?”

“ஒரு ஆளைக் குறைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.”