பெருவிரலில் ஒரு புள்ளி

தெய்வானையம்மாவின் இடது காலின் பெருவிரலை அவள் அழுத்தினாள்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். பேரனின் பள்ளிக்கூடம். ஆவாரம்பாளையத்தில் தண்ணீர் வராதது. காலையிலிருந்து விடாத தலைவலி.

இன்னும் அழுத்தினாள். யாராக இருந்தாலும் காலை இழுத்துக்கொள்ளும் அழுத்தம் அது.

பேச்சு நிற்கவில்லை.

வலது காலைத் தொட்டாள்.

"மெதுவாங்க" என்றார் உடனே.

பதினொரு வருடமாக அவள் செய்வது இந்த வேலைதான். காந்திபுரத்தில் மாடியில் ஒரு சின்ன அறை. சுவரில் இரண்டு பாதங்களின் படம். விரல் நுனியில் தலை, நடுவில் வயிறு, குதிகாலில் இடுப்பு. அந்தந்த இடத்தை அழுத்தினால் அந்தந்த வலி போகும் என்று படித்திருந்தாள்.

பலருக்குப் போனது. போகாதவர்கள் திரும்பி வரவில்லை. அதனால் அவர்களைப் பற்றி அவள் அதிகம் யோசித்ததில்லை.

தெய்வானையம்மா இரண்டு வருடமாக, வாரம் தவறாமல் வருகிறவர்.

"நடக்கும்போது இடது செருப்பு கழண்டுக்குதுங்களா?"

"ஆமாங்க. போன வாரம் எங்கியோ விட்டுட்டு ஒத்தக் கால்லயே வீட்டுக்குப் போயிட்டேன். மருமகதான் பாத்துச் சொன்னா."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு நரம்பு டாக்டரைப் பாருங்கம்மா. தலைய ஸ்கேன் எடுத்துடலாம்."

"அதெல்லாம் எதுக்குங்க? உங்க கை பட்டாப் போதும். டாக்டர் குடுத்த மாத்திரைய நான் நிறுத்தியே ஒரு வருசமாச்சு."

மாத்திரையை நிறுத்தச் சொன்னது அவளில்லை.

நிறுத்த வேண்டாம் என்றும் அவள் சொல்லியிருக்கவில்லை.

மறுபடி சொல்லிப் பார்த்தாள். அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் பார்க்கலாம் என்றார் தெய்வானையம்மா. அதற்கு அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார்.

சுவர் ஓரம் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"அம்மா, இதுல ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள். "கால அழுத்துனா தலை சரியாகாது."



தெய்வானையம்மா அவளையே பார்த்தார். பிறகு காலைத் தானே எடுத்துக்கொண்டார். இடது செருப்புக்குள் பாதம் நுழைய மூன்று முறை முயல வேண்டியிருந்தது. உதவ நீண்ட அவள் கையை விலக்கினார். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

காத்திருந்தவர்களில் ஒருவரும் எழுந்து போனார்.

அன்று மாலையே தெய்வானையம்மாவின் மகனுக்குப் போன் செய்தாள். செருப்பைப் பற்றிச் சொன்னாள். மாத்திரையைப் பற்றியும் சொன்னாள்.

ஸ்கேனில் தெரிந்தது எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. மூளையின் மேல்புறத்தில். புற்றுநோய் இல்லை. எடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மகன் கூப்பிட்டார்.

"அம்மா சரியாத் தூங்கறதே இல்லைங்க. டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன், கால் பிடிச்சா தப்பில்லைன்னுட்டாரு. வர முடியுங்களா?"

போனாள்.

கட்டிலில் சாய்ந்திருந்தார் தெய்வானையம்மா. தலையில் பருத்தித் துணி. அதன் ஓரத்தில் வெள்ளையாக முளைத்திருந்த முடி. பக்கத்து ஸ்டூலில் மாத்திரை டப்பா, கிழமை வாரியாக.

அவள் காலடியில் உட்கார்ந்தாள். சுவரில் படம் இல்லாத அறையில் எங்கே தொடங்குவதென்று தெரியாதவள் போல் இருந்தாள்.

தெய்வானையம்மாதான் பேசினார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யா? இல்ல, ரெண்டு வருசமா செஞ்சது பொய்யா?"

மகன் வாசலில் நின்றிருந்தார்.

என்னை டாக்டரிடம் போக வைக்கத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று நினைத்துக்கொள்ள தெய்வானையம்மா தயாராகவே இருந்தார். முகத்தில் தெரிந்தது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

"கட்டிய இது கரைச்சிருக்காதுங்க" என்றாள். "அது நிச்சயம். மத்தபடி உங்களுக்கு எது சரியாச்சு, எதனால சரியாச்சுன்னு எனக்கே தெரியலைங்கம்மா."



தெய்வானையம்மா போர்வையை விலக்கினார். இரண்டு கால்களையும் எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"சரி, புடிங்க."