ஒன்பதே முக்கால்

"நல்லா இருக்கிற பூனைக்கு எதுக்கு ஹார்ட் ஸ்கேன்? தொலைஞ்சா போதும்னு அனுப்பி விடாம..."

கால்நடை ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சில் அவர் சிடுசிடுத்தார். பூனைக்கூடை மனைவியின் மடியில் இருந்தது.

"விமானத்துல அவ்வளவு தூரம் போகணும். இதயம் தாங்குமான்னு பார்க்கச் சொல்லியிருக்கா உங்க பொண்ணு. அவ ஆசையா வளர்த்தது, அவகிட்டயே போகட்டும்."

"தாராளமா போகட்டும்! சோபா பூரா முடி. சனியன்!"

கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி மகள் கிளம்பிய அன்றைக்கே பேப்பரிலிருந்து தலையைத் தூக்காத மனுஷன். பூனைக்கா உருகப் போகிறார்?

உள்ளே, பூனையை அவள்தான் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா ஜெல் தடவி, ஸ்கேனில் இதயத்தை அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது முறையும் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மூணு தடவையும் மூணு விதமா வருது. ஒத்துப்போனாதான் நம்பலாம். பயத்துல இதயம் தறிகெட்டு ஓடுது. சார், நீங்க பிடிச்சுப் பாருங்களேன்."

"அவரா? தொடவே மாட்டாரே!"

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். "இருடி, பார்த்துட்டு இருக்காங்க" என்றபடி வெளியே வந்தாள்.

கதவிடுக்கு வழியாகக் கணவரின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லடா கண்ணு. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். ஒண்ணு... ரெண்டு..."

எட்டு வந்தது. ஒன்பது வந்தது.

"ஒன்பதே கால்... ஒன்பதரை... ஒன்பதே முக்கால்..."

இந்தக் கணக்கைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு! சின்ன வயதில் மகளுக்கு ஊசி போடும்போதெல்லாம் மார்போடு அணைத்துக்கொண்டு, ஊசியை எடுக்கிறவரை பத்து வராமலே எண்ணுவார். குழந்தையும் அழ மறந்து காலும் அரையும் கூடவே சொல்லும்.

எட்டிப் பார்த்தாள். அவருடைய முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பூனை சொக்கிக் கிடந்தது. தினமும் அங்கேதான் தூங்குகிறது போல!

"மூணும் அச்சுப் பிசகாம ஒரே அளவு!" என்றார் டாக்டரம்மா. "அருமையான இதயம். தைரியமா அனுப்பலாம் சார்."

அவர் பூனையைக் கீழே விடவில்லை. பத்து என்று இன்னும் சொல்லவே இல்லை.

போனில் மகள் பொறுமையிழந்தாள். "அம்மா! டாக்டர் என்னதான் சொல்றாங்க? அனுப்பலாமா?"

"வேண்டாம்டி. தாங்க முடியாது."

"ஐயோ! பூனையாலயா?"

"உங்கப்பாவால."