இரண்டாவது கிண்ணம்

“என்னய்யா பெரியவரே, இத்தனை வயசாகியும் நங்கூரம் போடத் தெரியாதா? நழுவி நழுவி எங்க மேலயே வந்து ஏறுறீரு!”

கணவர் மசஹாரு போட்ட கூச்சலில் யாசுயோவின் கையிலிருந்த மிசோ சூப் தளும்பியது.

படகின் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். நேற்று மாலை வெகு தூரத்தில் பின்னால் நின்ற ஒகாபே-சானின் சின்னப் பாய்மரப் படகு, இப்போது எட்டித் தொடும் தூரத்தில்.

ஜப்பானின் சேத்தோ உள்கடலில் தீவு தீவாகப் பாய்மரப் படகில் சுற்றுகிறவர்களுக்கு, ஒதுங்கி நிற்கும் குடாதான் தெரு. யார் நங்கூரம் போடத் திணறினார், யார் கொடியில் என்ன காய்கிறது என்று பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. யாசுயோவும் மசஹாருவும் அதற்கென்றே ஒரு தொலைநோக்கி வைத்திருந்தார்கள். கேட்டால், பறவை பார்க்க என்பார்கள்.

ஒகாபே-சான் கசங்கிய பைஜாமாவோடு வெளியே வந்தார். மசஹாருவைப் பார்க்கவில்லை. பாய்மரத்தின் உச்சியில் படபடத்த கொடியை ஒரு தரம் பார்த்தார். பிறகு இடுப்பை வளைத்து வணங்கினார்.

“மன்னிச்சிடுங்க. காலங்காத்தால உங்களுக்குத் தொந்தரவு. இதோ நகந்துக்கறேன்.”

இருமிக்கொண்டே சங்கிலியைக் கையால் இழுத்து நங்கூரத்தை ஏற்றினார். அவர்கள் படகை உரசாமல் கடந்து, தள்ளிப் போனார்.

மற்றப் படகுகளில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டார்கள்.

“பாத்தியா, கிழவருக்குப் பரிஞ்சு ஒருத்தன் வாயத் தொறக்கல” என்றார் மசஹாரு, சூப்பை உறிஞ்சியபடி.

யாசுயோவும் கொடியைப் பார்த்தாள். காற்று முன்னாலிருந்து அடித்தது.

நங்கூரம் பிடி விட்ட படகைக் காற்று பின்னால்தான் தள்ளும். காற்றை எதிர்த்து முன்னால் வந்த படகு உலகத்திலேயே கிடையாது.

ஒகாபே-சான் அவர்கள்மேல் வந்து ஏறவில்லை. அவர்கள்தான் அவரிடம் போயிருந்தார்கள்.

குடா முழுக்க அது தெரிந்திருந்தது. சூப் குடிக்கிறவர் ஒருவரைத் தவிர.

யாசுயோ குனிந்த தலை நிமிராமல் படகின் முன்பக்கம் போனாள். சங்கிலி நீளமாகக் கிடந்தால்தான் நங்கூரம் பிடிக்கும்; மிச்சமிருந்ததை அவிழ்த்து விட்டாள். கடகடவென்று அது இறங்கிய சத்தம் கரைவரைக்கும் கேட்டது.

“ஏய், நேத்தே ‘போதும்’னு நீதான சொன்ன? இப்ப எதுக்கு?”

நேற்று சங்கிலி பாதி இறங்கியிருந்தபோதுதான் அவள் தொலைநோக்கியை எடுத்தாள். ஒகாபே-சானின் படகு லேசாகத் திரும்பியதில், பக்கச் சன்னல் வழியே மேசை தெரிந்தது. தனியாளாக வந்தவரின் மேசையில் இரண்டு சோற்றுக் கிண்ணங்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கிற அவசரத்தில்தான் “போதும்!” என்று கத்தினாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதைத்தான் தொட்டுக்கொண்டார்கள். “கிழவர் யாரையோ உள்ள ஒளிச்சு வச்சிருக்காரு” என்று அவள் சொல்ல, மசஹாருவுக்குச் சிரித்துப் புரையேறியது.

சற்றுமுன் அந்தப் படகு கடந்து போனபோது, சன்னல் மிகப் பக்கத்தில் வந்தது. தொலைநோக்கி தேவைப்படவில்லை.

முதல் கிண்ணம் பாதி சாப்பிட்டபடி கிடந்தது.

இரண்டாவது, கறுப்புச் சட்டமிட்ட ஒரு பெண்ணின் படத்துக்கு முன்னால், ஆவி பறக்க இருந்தது.