கோணல் கட்டிய சுவர்

“இந்தச் சுவர் எந்த ஊருக்குப் புறப்பட்டிருக்கு?”

குழுவில் ‘நெட்டை’ என்று பேர் வாங்கிய உயரமான பையன் கேட்டதும் கலவை குழைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுவரைக் கட்டிய பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். இடுப்பு உயரம் எழும்பியிருந்த சுவர், யார் பார்த்தாலும் தெரியும்படி வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. முதல் சுவரும் அப்படித்தான் சாய்ந்தது. அதற்குள் அவளுக்குக் ‘கோணல்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

குழுத் தலைவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“ரெண்டாவது தடவை இடிக்கப் போறோம். ரசமட்டம் வச்சுப் பார்த்தியா இல்லையா?”

“வச்சேனே. அது சரியாத்தான் சொல்லுச்சு. சுவர்தான் கேக்கல.”

கல்லூரிச் சேவைக் குழு என்று கடல் தாண்டி வந்திருக்கிறார்கள், ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித் தர. மற்றவர்கள் சொல்லிக்கொடுத்ததை வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிட்டார்கள். இவள் ஒருத்திதான் உயிரை வாங்கினாள்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று தலைவனுக்கு இருந்தது. எதிரே தகரக் கொட்டகை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரர். புருஷனும் பெண்சாதியும் பல வருடம் இந்தப் பிள்ளைகளின் நாட்டில் பிழைத்தவர்கள். அவர் அங்கே பேர்பெற்ற கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து ஒரு கால் போனபிறகு ஊர் திரும்பிவிட்டார். பாஷை நன்றாகத் தெரியும், ஆனால் வந்த பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வந்து இறங்கிய அன்றே அவர் மனைவி தலைவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நீங்க அரண்மனையே கட்டிக் குடுத்தாலும் அவர் குடி வரமாட்டார் தம்பி. ஊருக்கெல்லாம் வீடு கட்டினவன், அடுத்தவங்க இரக்கப்பட்டுக் கட்டற வீட்டுல காலை வைக்க மாட்டேன்கறார். நான்தான் பிள்ளைங்க முகத்தைப் பார்த்து உங்களுக்கு எழுதிப் போட்டேன். மழை வந்தா எல்லாரும் உக்காந்தே தூங்கறோம்.”

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த கோணலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுவரை இடித்த மறுநாள் காலை ஜெபத்தில் நெட்டை, “ஆண்டவரே, கோணலோட சுவரைக் கொஞ்சம் நீரே தாங்கிப் பிடியும்” என்று தனியாக ஒரு விண்ணப்பம் வைத்தான். பலன் இல்லை. மூன்றாவது சுவரும் வெளிப்பக்கமே சாய்ந்தது.

“போதும்மா தாயே, கரணையைக் கீழே வை” என்றான் தலைவன். “நீ போய்த் தண்ணி எடுத்துக் குடு.”

நாற்காலி கிறீச்சிட்டது. வீட்டுக்காரர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து வந்தார்.

“தள்ளும்மா. கண்கொண்டு பார்க்க முடியல.”

சுவரை ஒரே தள்ளாகத் தள்ளினார். கோணலின் கையிலிருந்து கரணையைப் பிடுங்கினார்.

“தம்பி, வேடிக்கை பாக்காம கலவையைக் கொண்டா. நெட்டை, நூலைப் பிடி.”

அன்றிலிருந்து தலைவன் பேருக்குத்தான் தலைவன். வீட்டுக்காரர் விரட்டிய விரட்டில் பிள்ளைகளுக்குக் கை கால் எல்லாம் பறந்தது. சுவர்கள் நூல் பிடித்ததுபோல் எழுந்தன. உட்கார்ந்தபடி கட்டினார், சுவரில் சாய்ந்து நின்று கட்டினார். அவர் கை போகிற அழகைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் சாப்பாட்டை மறந்தார்கள்.

கொஞ்சம் களைத்து நாற்காலிப் பக்கம் திரும்பினால் போதும், கோணல் எதையாவது ஏடாகூடமாக வைத்துவிடுவாள். “உன்னை யாரும்மா அனுப்பினது?” என்று கத்திக்கொண்டே திரும்பி வருவார். அவர் மனைவி கொட்டகைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவார்.

ஊர் திரும்பும் நாள் வந்தது. தலைவன் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினான்.

“என் வீட்டுச் சாவியை எனக்கே குடுக்கிறியா?” வீட்டுக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்தார். “பூட்டு மாட்டினது யாரு? நானில்ல?”

கதவைத் திறந்து, மனைவி மக்களோடு உள்ளே போனார். தலைவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேன் புறப்படும் நேரத்தில் அவர் எல்லாரிடமும் கைகுலுக்கிக்கொண்டு வந்தார்.

“இவளைக் கூட்டிட்டு வந்ததுக்கு மன்னிச்சுக்குங்கண்ணே” என்றான் தலைவன், கோணலைக் காட்டி.

அவர் கோணலின் கையைப் பிடித்துத் திருப்பி, காய்ப்பேறிய உள்ளங்கையைப் பார்த்தார்.

“உங்க வீட்டுல யாரும்மா கொத்தனார்?”

கோணல் தலையைக் குனிந்துகொண்டாள். “அம்மா. லீவு விட்டா நானும் கூடப் போய்க் கட்டுவேன்.”

நெட்டை வாயைப் பிளந்தான்.

“தெரியாதவங்க கட்டினா ஒரு தடவை இந்தப் பக்கம் போகும், ஒரு தடவை அந்தப் பக்கம் போகும். இவ கட்டினது மூணு தடவையும் ஒரே பக்கம், ஒரே அளவு சாஞ்சுது. அப்படிச் சாய்க்க நல்லாத் தேறின கை வேணும்” என்றார் வீட்டுக்காரர்.

“அப்பவே தெரிஞ்சும் ஏண்ணே எழுந்து வந்தீங்க?” தலைவன் கேட்டான்.

“நான் எழுந்து வரணும்கறதுக்காக ஒரு பொண்ணு உங்க எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நிக்குது. அதைப் பார்த்தப்புறமும் நாற்காலியில உக்காந்திருந்தா நான் என்னப்பா மனுஷன்?”