சீட்டு ஒட்டிய பொம்மை

கலை மன்றத்துக் கண்காட்சியில் கஸ்தூரிக்குப் பிடித்தது ஒரே ஒரு பொம்மை. பார்த்து வைத்த மாதிரி அதிலேதான் ‘விற்பனை ஆகிவிட்டது’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

முழ உயரத்தில் மண்ணால் செய்த சின்னப் பெண். பாவாடை சட்டை, ரெட்டை ஜடை, கும்பிட்ட கை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குயவர் வேலை.

“நவராத்திரிக்கு நடுப்படியில வெச்சா கொலுவே நெறஞ்சிடும்” என்றாள் புருஷனிடம்.

“அதான் வித்துப்போச்சுன்னு போட்டிருக்கே” என்றார் வேணு. தேரடித் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடையில் பேசுவதில் கால்வாசிகூட வீட்டம்மாவிடம் பேச மாட்டார்.

“போட்டா என்ன? கேட்டா வாய்முத்தா உதிர்ந்துடும்?”

நேரே மன்றத்துச் செயலாளர் பலராமனிடம் போய் நின்றாள்.

“அது வித்துப்போச்சுங்கம்மா. அதே மாதிரி வேற ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன்.”

“எனக்கு அதுதான் வேணும். யார் வாங்கினது?”

“அதைச் சொல்றதுக்கில்லைங்க.”

“விலை ஜாஸ்தி போட்டுத் தரேன்.”

“எவ்வளவு தந்தாலும் முடியாதுங்கம்மா.”

கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் ஆசை விடுமா? கடைசி நாள் சாயங்காலம் வேணுவை இழுத்துக்கொண்டு மறுபடி வந்தாள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஓவியங்களைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீட்டு ஒட்டிய சாமான்களையெல்லாம் வாங்கினவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். பொம்மை மட்டும் அங்கேயே நின்றது.

“பார்த்தீங்களா? நெஜமா வாங்கியிருந்தா இந்நேரம் தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாங்க? கூட்டம் போனதும் இந்த மனுஷன் தன் வீட்டுக்குக் கொண்டுபோவப் போறாரு. வேலியே பயிரை மேயுது.”

“மெதுவா பேசு.”

“நான் எதுக்கு மெதுவா பேசணும்? திருடறவர் வெக்கப்படட்டும்.”

படம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பலராமன் தலையைக் குனிந்துகொண்டார். அது கஸ்தூரிக்கு இன்னும் வசதியாய்ப் போயிற்று. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பொம்மையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

“அம்மா, கீழ வெச்சிடுங்க. கை கால் உடைஞ்சிடப் போவுது.” பலராமன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“உடைஞ்சா காசைக் குடுத்துட்டுப் போறேன். பெருசா பதறுறீங்களே.”

அப்போது வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். அந்தப் பொம்மையைச் செய்த குயவர் வீட்டுப் பொன்னி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. எலும்பும் தோலுமாய் இருந்தாள். ஆனால் அதே முகம், அதே ரெட்டை ஜடை.

“ஐயா, ஆஸ்பத்திரியில வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க. நடந்தே வந்துட்டா பாருங்க.”

பலராமன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னி, கஸ்தூரியின் இடுப்பில் இருந்த பொம்மையைப் பார்த்துப் பதறிப்போனாள். “அம்மா, அது இவ பேர்ல நேந்துக்கிட்ட உருவம்மா. ஜுரம் தணிஞ்சு பொழைச்சா எங்க ஊர் பச்சையம்மன் கோயில்ல வெக்கிறதா வேண்டிக்கிட்டேன். நான் இவளோட ஆஸ்பத்திரியில இருந்தப்போ, என் கொழுந்தன் விவரம் தெரியாம மத்த பொம்மைங்களோட வண்டியில ஏத்தி அனுப்பிட்டான். ஐயா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். பொண்ணு எழுந்திரிக்கிற வரைக்கும் இங்கியே பத்திரமா இருக்கட்டும், யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.”

கஸ்தூரி பொம்மையை மெல்ல இறக்கி வைத்தாள். கை கால் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை.

“இதை மொதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க?” என்றாள்.

“பலிக்கிறதுக்கு முன்னாடி வேண்டுதலை வெளிய சொல்லக்கூடாதுன்னு இந்தம்மா சொன்னாங்க” என்றார் பலராமன். “பொண்ணு பொழைக்கட்டும், அதுவரைக்கும் நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேங்க.”